செப்டம்பர் கடைசியில் கோடியக்கரை போகலாமா, ஜனவரி வரை காத்திருக்கணுமா?

காவிரிக்கரை வாசி:

வணக்கம். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோடியக்கரை போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன். செப்டம்பர் கடைசி வாரம். கும்பகோணத்திலிருந்து காரில் வருகிறோம். பெரியவள் எட்டாம் வகுப்பு, போன வருடத்திலிருந்து பறவை என்றால் சாப்பாடுகூட வேண்டாம் என்கிற நிலையில் இருக்கிறாள், பார்த்ததையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கிறாள். சின்னவனுக்கு மானும் குதிரையும் கண்ணில் பட்டால் போதும். அப்பாவும் உடன் வருகிறார், முழங்கால் வலி இருப்பதால் மணலில் ரொம்ப தூரம் நடக்க முடியாது.

விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பதில்தான் கிடைக்கிறது: பூநாரை டிசம்பர், ஜனவரியில்தான் வரும், இப்போது போனால் ஒன்றும் இருக்காது. ஆனால் எனக்கு டிசம்பரிலும் ஜனவரியிலும் விடுப்பு கிடைப்பது கடினம். செப்டம்பர் கடைசியில் உண்மையிலேயே ஏதாவது வந்து சேர்ந்திருக்குமா? வெறும் சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பும்படி ஆகிவிடுமா? அப்பா காரில் இருந்தபடியே பார்க்கக்கூடிய இடம் ஏதும் உண்டா? எங்களிடம் ஒரு சாதாரண பைனாகுலர் இருக்கிறது, பெரிய கேமரா கிடையாது.

மாயவரத்துக்காரன்:

வெளிப்படையாகச் சொல்கிறேன், முடிந்தால் தள்ளிப் போடுங்கள். கோடியக்கரை என்றால் பூநாரைதான். நான் ஒரு பொங்கல் விடுமுறையில் போனேன், சதுப்பில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கூட்டம் கூட்டமாக நின்றது, என் பையன் இன்றைக்கும் அதையே பேசுகிறான். செப்டம்பரில் வெயில் மண்டையைப் பிளக்கும், நிழலுக்கு ஒதுங்க அதிக இடம் இல்லை, சின்னப் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். அந்த விடுமுறையிலேயே எங்காவது போயாக வேண்டும் என்றால் வேடந்தாங்கல் போகலாமே, நடைபாதை, கோபுரம் எல்லாம் இருக்கிறது, அப்பாவுக்கும் வசதி.

உள்ளான் பிரியன்:

பூநாரை பற்றி மாயவரத்துக்காரர் சொன்னது சரி. மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் வேடந்தாங்கல். செப்டம்பரில் அங்கே போகாதீர்கள். அது பறவைகள் கூடு கட்டுகிற ஏரி. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி, நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்ற பிறகுதான் நாரையும் நீர்க்காகமும் நம்பி வந்து கூடு வைக்கும், அதற்கு நவம்பர் ஆகிவிடும். கோடியக்கரை வேறு கணக்கு. அங்கே வலசை வரும் பறவைகள் கூடு கட்ட வருவதில்லை, இரை தேடவும் இளைப்பாறவும் வருகின்றன. ஒரு பகுதி அங்கேயே தங்கும், மற்றவை தெற்கே கடல் தாண்டிப் போய்விடும். ஆகவே "எப்போது வரும்" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது, எந்தப் பறவை என்று கேட்டால்தான் சொல்ல முடியும். பூநாரைகளில் பெரும் பகுதி குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, நீர்மட்டம் பார்த்து அக்டோபர், நவம்பரில் வர ஆரம்பித்து டிசம்பருக்குப் பிறகு பெருகும். சேற்றில் இரை தேடும் சின்னக் கரைப்பறவைகளான உள்ளான்களோ ஜூலை கடைசியிலேயே இறங்கத் தொடங்கிவிடும். செப்டம்பரில் சதுப்பு காலியாக இருக்கும் என்று சொல்கிறவர்கள் காரை நிறுத்தி, சேற்றை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அந்தச் சேறே நகர்கிற மாதிரி இருக்கும், அத்தனையும் சிட்டுக்குருவி அளவுள்ள பறவைகள்.

வளைமூக்கு உள்ளான் என்று ஒன்று இருக்கிறது. அலகு நீளமாக, நுனியை நோக்கிக் கீழே வளைந்திருக்கும். இது குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் வட கோடியில், தைமிர் தீபகற்பத்தையும் அதைச் சுற்றியும் உள்ள, மரம் வளராத குளிர்ப் பகுதியான துந்திரப் புல்வெளியில். அங்கிருந்து கோடியக்கரை நேர்கோட்டில் பார்த்தாலே 7,000 கிலோமீட்டருக்குக் குறையாது. பெண் முட்டையிட்டு அடைகாக்கும்போதே ஆண் பறவைகள் ஜூலை தொடக்கத்தில் தெற்கே கிளம்பிவிடும். அப்புறம் பெண்கள் கிளம்பும். கடைசியாகத்தான் அந்த வருடக் குஞ்சுகள். அவற்றுக்கு வழிகாட்டக் கூடவே பறக்கும் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. முட்டையை விட்டு வெளியே வந்து இரண்டு மாதம் ஆன ஒரு பறவை, இதுவரை பார்த்தே இராத கடற்கரையை நோக்கி, பிறவியிலேயே பதிந்த திசையறிவை வைத்துக்கொண்டு கண்டத்தின் மறுமுனை வரை பறந்து வருகிறது. அந்த இளம் பறவைகள் நம் கரையில் இறங்குவது ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரைக்கும். உங்கள் விடுமுறை சரியாக அந்த நாட்களில் விழுகிறது. ஜனவரியில் போனால் முதிர்ந்தது, இளையது எல்லாம் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகிவிடும், தெரிந்தவர்களே திணறுவார்கள்.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். செப்டம்பர் கூட்டத்தில் இளம் பறவைகள் எத்தனை பங்கு என்று பார்த்தால், அந்த வருடம் துந்திரத்தில் என்ன நடந்தது என்று ஓரளவுக்கு ஊகிக்கலாம். அங்கே லெம்மிங் என்ற எலி இனம் இருக்கிறது, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகும், பிறகு திடீரென்று குறைந்துபோகும். எலி நிறைந்த வருடத்தில் துருவ நரி அதைத் தின்று வயிறு நிரப்பிக்கொள்ளும், உள்ளான் குஞ்சுகள் தப்பிக்கும். எலி இல்லாத வருடத்தில் நரி நேராக உள்ளான் கூட்டுக்குத்தான் வரும். அந்த வருடம் நம் கரைக்கு வந்து சேர்வதில் இளசுகள் மிகக் குறைவாகவே இருக்கும். வேதாரண்யம் சேற்றில் நின்றுகொண்டு வட துருவத்து எலியின் நிலையைக் கணிக்கலாம் என்பது உங்கள் மகளுக்கு நிச்சயம் பிடிக்கும்.

அப்புறம் நீர்மட்டம். வேதாரண்யம் பெருஞ்சதுப்பில் கடல் ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரியாது, பாக் நீரிணையில் அது குறைவு. காற்றுதான் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து பரப்பும், காற்று திரும்பினால் தண்ணீரும் பின்வாங்கும். செப்டம்பரில் பல இடங்களில் ஒரு விரல், இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். உள்ளான்களில் மிகச் சின்னதான கொசு உள்ளானின் கால் எவ்வளவு உயரம் இருந்துவிடப் போகிறது, அதற்கு அந்த ஆழம்தான் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டிய பிறகு பல இடங்களில் தண்ணீர் ஏறிவிடும், நெடுங்கால் பறவைகளுக்கும் வாத்துகளுக்கும் கொண்டாட்டம், சின்ன உள்ளான்கள் மேடு தேடிச் சிதறிவிடும். நல்ல மழை வருடத்தில் டிசம்பரில் போனால் பூநாரை இருக்கும், ஆனால் சின்ன உள்ளான்களை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது சிரமம்.

1960களில் பறவையியலாளர் சாலிம் அலி இந்த இடத்தின் அருமையைக் கவனித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் இங்கே முகாம் போட்டுப் பறவைகளுக்கு வளையம் மாட்டியது. 1967இல் சரணாலயமானது, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இத்தனையும் பூநாரையை மட்டும் நம்பி நடந்ததில்லை. கரண்டி மூக்கு உள்ளான், உலகிலேயே சில நூறு மட்டும் மிஞ்சியிருக்கும் பறவை, அதுவும் முன்பு கோடியக்கரையில் பதிவாகியிருக்கிறது. ஆகவே தாராளமாகப் போங்கள்.

அளத்து மண்:

தம்பி, நான் வேதாரண்யத்துக்காரன். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே உப்பளத்து வேலைதான். உள்ளான் பிரியன் சொன்னது எல்லாம் சரி, நான் போகிற வழியைச் சொல்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் வந்துவிடுங்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு, திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரைக்கும் பாதை 2023இல் மறுபடி திறந்துவிட்டது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை 11 கிலோமீட்டர் இருக்கும். அகஸ்தியம்பள்ளி தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் அளம்தான். 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய ஊர், நினைவுத் தூண் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கிருந்து வண்டியை மெதுவாக விட்டால் அப்பா கதவைக்கூடத் திறக்க வேண்டாம். பாத்திகளின் வரப்பில் பவளக்காலி, பச்சைக்காலி, நெடுங்கால் உள்ளான் எல்லாம் நிற்கும். மின்கம்பியில் தகைவிலான் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மீசை ஆலா தண்ணீர் மேல் தாழப் பறந்து கொத்திக்கொண்டு போகும். பறவைகள் காருக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை, ஆள் இறங்கினால்தான் கிளம்பும். அதனால் இஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்து பாருங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாக மனதில் வையுங்கள். ரோட்டை விட்டு அளத்துக்குள் இறங்குவது என்றால் அது ஒருவருடைய இடம். கம்பெனி அளத்துக்கு அனுமதி வேண்டும், சிறு அளத்துக்காரர்களிடம் வாய்வார்த்தையாகக் கேட்டாலே போதும், யாரும் மறுக்க மாட்டார்கள். செப்டம்பரில் மழைக்கு முன்னால் கடைசி உப்பை வாரி, கரையில் குவித்து, கீற்று போட்டு மூடும் அவசரத்தில் இருப்போம். வரப்பு மண்ணால் போட்டது, கார் ஏற்றினால் உடைந்துவிடும், ஒரு பாத்தி போனால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. லாரி திரும்பும் இடத்திலும் வண்டியை நிறுத்த வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வெகு நாளாக என் மனதில் இருப்பது. இந்த மாதங்களில்தான் பறவை பிடிக்கிறவர்களும் வலையோடு இறங்குகிறார்கள். உள்ளான் கறி என்று சொல்லி விற்பார்கள், மடையானும் ஆலாவும்கூட அதில் வந்துவிடும். 20, 30 கிராம் எடையுள்ள பறவையில் என்ன கறி இருக்கிறது சொல்லுங்கள். ஏழாயிரம் கிலோமீட்டர் பறந்து, உடம்பில் இருந்த கொழுப்பையெல்லாம் எரித்து, எலும்பும் இறகுமாக வந்து இறங்கியதைப் பிடித்துக் கழுத்தைத் திருகுகிறார்கள். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், வனத்துறை பிடித்து வழக்கும் போடுகிறது, ஆனால் வாங்குகிற கை இருக்கும்வரை வலை விழத்தான் செய்யும். வழியில் எந்தக் கடையிலாவது யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு கோடியக்கரை வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். நீங்களாகப் போய்ச் சண்டை போட வேண்டாம், பிள்ளைகள் கூட இருக்கிறார்கள்.

தங்குவதற்கு வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் லாட்ஜ் உண்டு.

காவிரிக்கரை வாசி:

அளத்து மண் ஐயா, உள்ளான் பிரியன், இருவருக்கும் மிக்க நன்றி. மகளுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன், லெம்மிங் எலி கதையை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். இப்போது அவள் தரப்பிலிருந்து கேள்விகள் வந்துவிட்டன. இளம் பறவையை முதிர்ந்ததிலிருந்து எப்படிப் பிரிப்பது? ஒரே மாதிரி இருக்கும் இந்தச் சின்னப் பறவைகளில் எதை முதலில் கற்றுக்கொள்வது? காலில் வளையம் இருந்தால் என்ன செய்வது? சின்னவனுக்காக நானும் ஒன்று கேட்கிறேன், மான் அந்த மாதத்தில் தெரியுமா? காட்டுக்குள் போனால் வேறு பறவை உண்டா?

மாயவரத்துக்காரன்:

வேடந்தாங்கல் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் சந்தேகம் போகவில்லை. பெரியவள் ஆர்வமாகப் பார்ப்பாள், சின்னவன் என்ன செய்வான்? பழுப்பு நிறத்தில் நூறு பறவை ஓடுவதை ஒரு சின்னப் பையன் எவ்வளவு நேரம் பார்ப்பான்? பூநாரையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, பார்த்த உடனே பிடித்துவிடும்.

நாகை வாலாட்டி:

சின்னவன் கேள்விக்கும் காட்டுக் கேள்விக்கும் நான் பதில் சொல்கிறேன், சேற்றுப் பறவைகளை உள்ளான் பிரியன் அண்ணனுக்கே விட்டுவிடுகிறேன்.

வெளிமான் கட்டாயம் தெரியும், அதுவும் ஜனவரியைவிட நன்றாகவே. வெளிமான் இணைசேரும் காலம் வருடத்தில் இரண்டு முறை உச்சத்துக்கு வரும், அதில் ஒன்று ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. கறுத்துப் பளபளக்கிற ஆண் மான்கள் புல்வெளியில் ஆளுக்கு ஓர் இடம் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, முறுக்குக் கொம்பு முதுகில் படுகிற மாதிரி நடந்து காட்டும். எல்லைக்குள் இன்னோர் ஆண் வந்தால் துரத்தல், கொம்போடு கொம்பு மோதல். எந்தச் சிறுவனும் இதைப் பார்த்து அலுத்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. காலை ஏழு மணிக்குள், அல்லது மாலை நாலரைக்கு மேல் போங்கள். புள்ளிமான் காட்டோரத்தில் நிற்கும், காட்டுக்குதிரைகள் கூட்டமாக மேயும், அந்தி நேரத்தில் நரியும் கண்ணில் படலாம். குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும், காருக்கு வெளியே எதையும் தின்னக் கொடுக்காதீர்கள்.

காட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோடியக்கரை போகிறவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் வந்துவிடுகிறார்கள். அது உலர் பசுமைமாறாக் காடு. பாலை மரம், நாவல், உகாய், இடையிடையே முள் புதர். சோழமண்டலக் கரையோரம் முழுக்க ஒரு காலத்தில் இருந்த காடு, இப்போது துண்டு துண்டாகத்தான் மிச்சம், அதில் பெரிய துண்டுகளில் ஒன்று இது. 2018 நவம்பரில் கஜா புயல் நேராக இந்தக் கரையில்தான் அடித்தது. பழைய பாலை மரங்கள் பல முறிந்தும் வேரோடு சாய்ந்தும் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது, மான்களும் குதிரைகளும்கூடச் செத்தன. காடு துளிர்த்து வருகிறது, ஆனால் அந்த உயரம் திரும்ப இன்னும் வெகுகாலம் ஆகும். நடுவில் புகுந்த சீமைக்கருவேலத்தை வெட்டினாலும் மறுபடி முளைக்கிறது.

இந்தக் காடு ஏன் முக்கியம் என்றால், தெற்கே போகிற சிறு பறவைகளுக்குக் கடலுக்கு முந்திய கடைசி நிறுத்தம் இது. கோடியக்கரை முனையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறை சுமார் 55 கிலோமீட்டர். இலங்கைக்குப் போகும் பறவைகளில் ஒரு பகுதி இங்கே இறங்கி, பழமும் பூச்சியும் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, காற்று சாதகமான இரவில் கிளம்பும். யாழ்ப்பாணத்துப் பறவை ஆர்வலர்கள் அக்டோபரில் தங்கள் வீட்டு வேலியில் பார்க்கிற பறவை, அதற்கு முந்தைய வாரம் நம் பாலை மரத்தடியில் இருந்ததாக இருக்கலாம். செப்டம்பர் கடைசியில் நீலவால் பஞ்சுருட்டான் கூட்டமாகத் தலைக்குமேல் குரல் கொடுத்துப் பறந்து போகும், பழுப்புக் கீச்சான் வேலிக் கம்பியில் வந்து உட்கார்ந்திருக்கும், கொடிக்கால் வாலாட்டி மரநிழலில் வாலைப் பக்கவாட்டில் ஆட்டியபடி நடக்கும். மற்ற வாலாட்டிகள் மேலும் கீழும் ஆட்டும், இது மட்டும் இடமும் வலமும் ஆட்டும், இதைச் சின்னவனே கண்டுபிடித்துவிடுவான். அரசவால் ஈப்பிடிப்பானும் வரத் தொடங்கியிருக்கும். சோளக்குருவி மேகம் போலத் திரண்டு போவதை ரோட்டிலிருந்தே பார்க்கலாம், கசகஸ்தான் பக்கத்துப் புல்வெளியிலிருந்து வருகிற பறவை அது.

ஆறுமணிக் குருவியை அந்த வாரத்தில் எதிர்பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல மாட்டேன், அதன் பெரிய வரத்து அக்டோபரில்தான். விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் சீழ்க்கையடிக்கும், காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். இந்தப் பறவை இரவில்தான் வலசை போகும். களைத்துப்போய் ஊருக்குள் வீட்டு முற்றத்திலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் இறங்கும், கண்ணாடியில் மோதி விழுவதும் உண்டு. அப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், கும்பகோணத்திலேயே படலாம், கையில் வைத்துக்கொண்டு படம் எடுக்க வேண்டாம். அட்டைப்பெட்டியில் துளை போட்டு, துணி விரித்து, உள்ளே விட்டு மூடி, நாயும் பூனையும் வராத இருட்டான இடத்தில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும், அந்தி நேரத்தில் புதர் ஓரமாகத் திறந்து விடுங்கள். இறக்கை தொங்கினால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தட்டான்களையும் பாருங்கள். அக்டோபரில் மழைக்கு முன்னால் மஞ்சள் தட்டான்கள் திரளாகப் பறக்கும். அந்த இனம் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை கடல் கடந்து போவதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பூச்சி தின்னும் பறவைகளும் அதே பருவத்தில் அதே காற்றில் போகின்றன.

உள்ளான் பிரியன்:

மகளின் கேள்விகளுக்கு வருகிறேன்.

எதை முதலில் கற்றுக்கொள்வது? நிறத்தை மறந்துவிடச் சொல்லுங்கள். பறவை எப்படிச் சாப்பிடுகிறது என்று மட்டும் பார்க்கட்டும். ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம், இப்படிச் செய்தால் அது உப்புக்கொத்தி. அதற்குக் கண் பெரிது, அலகு குட்டை, கண்ணால் கண்டுதான் இரை பிடிக்கும். தலையை நிமிர்த்தாமல் தையல் மெஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே நடந்தால் அது உள்ளான். அதன் அலகு நுனியில் தொடு உணர்வு இருக்கிறது, சேற்றுக்குள் புழு நெளிவதைத் தொட்டே அறிந்துவிடும், பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டாலே பாதிக் கூட்டம் பிரிந்துவிடும். அதற்குப் பிறகு அலகு. நேராக, குட்டையாக, கறுப்புக் காலோடு, எல்லாவற்றிலும் சின்னதாக இருப்பது கொசு உள்ளான். நீண்டு வளைந்தது வளைமூக்கு, அது பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளை தெரியும். கோழி அளவு உடம்பு, ஒரு சாண் நீளத்துக்குக் கீழ்நோக்கி வளைந்த அலகு என்றால் குதிரை மலைக்கோட்டான், அது நண்டைச் சேற்றிலிருந்து இழுத்தெடுப்பதைப் பார்த்தால் சின்னவனும் கவனிப்பான்.

இளம் பறவையைப் பிரிப்பது செப்டம்பரில் எளிது. முதிர்ந்த பறவையின் இறகு துந்திரத்திலிருந்து இங்கு வரும்வரை தேய்ந்து, ஓரம் கிழிந்து இருக்கும். வளைமூக்காக இருந்தால் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக மிச்சம் இருக்கும், நடுநடுவே சாம்பல் முளைத்திருக்கும், மொத்தத்தில் ஒழுங்கில்லாத தோற்றம். இளசுக்கு எல்லா இறகும் ஒரே சமயத்தில் முளைத்தவை, புத்தம் புதிது. முதுகில் ஒவ்வோர் இறகுக்கும் வெளிர் ஓரம் இருப்பதால் மீன் செதில் அடுக்கியது போலத் தெரியும், மார்பில் லேசான மஞ்சள் பழுப்பு பூசியிருக்கும். கொசு உள்ளான் இளசுக்கு முதுகில் வெள்ளைக் கோடுகள் இரண்டு, வால் பக்கம் நெருங்கிச் சேரும். மொத்தக் கூட்டத்தையும் எண்ண வேண்டாம். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொண்டு, இதில் வளைமூக்கு எத்தனை, அதில் செதில் முதுகு எத்தனை என்று எழுதினால் போதும். வேறு வேறு இடங்களில் அதையே திரும்பச் செய்து, நோட்டில் தேதி, இடம், நேரம், தண்ணீர் ஆழம் எல்லாம் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றினால், குறிப்புப் பகுதியில் இளசு, முதிர்ந்தது என்று எழுத இடம் இருக்கிறது. அடுத்த செப்டம்பரிலும் அதே இடத்தில் எழுதினால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்தாலும் அது உண்மையான தகவல்தான்.

காலில் உலோக வளையம் இருந்தால் தூரத்திலிருந்து எண்ணைப் படிக்க முடியாது. ஆனால் சில பறவைகளுக்கு வண்ணக் கொடி மாட்டியிருப்பார்கள். எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, மேலே எந்த நிறம் கீழே எந்த நிறம், எழுத்து இருந்தால் என்ன எழுத்து, இவ்வளவும் வேண்டும். நிற வரிசை மாறினால் நாடே மாறிவிடும். கைப்பேசியை பைனாகுலர் கண்ணில் ஒட்டிப் படம் எடுத்தாலும் போதும். அதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினால் எங்கே மாட்டியது என்று தேடிச் சொல்வார்கள். படத்துக்காகக் கிட்டே மட்டும் போகாதீர்கள். கூட்டம் தலையைத் தூக்கி, கழுத்தை நீட்டி, உங்களை விட்டு நடக்க ஆரம்பித்தாலே நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், அங்கேயே நின்றுவிடுங்கள். ஒரு முறை பறக்க வைத்தால், நாள் முழுக்கத் தின்று சேர்த்த கொழுப்பில் அது கழிகிறது.

மாயவரத்துக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. நாள் முழுக்கச் சேற்றின் முன் உட்கார வைக்காதீர்கள். விடியலில் மான், ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை ரோட்டோர அளம், பிறகு அறைக்குத் திரும்பிச் சாப்பாடு, தூக்கம். மாலையில் ஒரு நாள் காடு, ஒரு நாள் கடற்கரை. காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, ரோட்டுக்கு மேற்கே உள்ள பாத்திகளைக் காலையிலும், கிழக்கே உள்ளவற்றை மாலையிலும் பாருங்கள், எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

காவிரிக்கரை வாசி:

முடிவு செய்துவிட்டோம், போகிறோம். அறைக்கும் கேட்டாயிற்று. ராமர் பாதம் போவதற்கு அப்பாவால் முடியுமா? அந்த வாரம் மழை வந்தால் திட்டத்தை மாற்ற வேண்டுமா?

அளத்து மண்:

ராமர் பாதம் மணல்மேட்டின் மேல் இருக்கிறது தம்பி. இந்தப் பக்கத்தில் அதுதான் உயரமான இடம், மேலேயிருந்து சுற்றிலும் காடும் சதுப்பும் தெரியும். பிள்ளைகள் ஏறிப் பார்த்துவிட்டு வரட்டும், அப்பாவுக்கு முடியாவிட்டால் கீழே நிழலில் உட்காரலாம்.

புரட்டாசியில் மாலை இடிமழை ஒன்றிரண்டு பெய்யும், அதற்காகப் பயணத்தை நிறுத்த வேண்டாம். மறுநாள் காலை காற்று குளிர்ந்து, பறவை கிட்டத்திலேயே நிற்கும். ஆனால் மழை பெய்த பிறகு தார் ரோட்டை விட்டுச் சக்கரம் கீழே இறங்கக் கூடாது. எங்கள் களிமண் மேலே காய்ந்த மாதிரி தெரியும், கார் இறங்கினால் அச்சு வரை புதைந்துவிடும், டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேதாரண்யத்திலேயே நிறைய வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கோடியக்காடு தாண்டினால் கடை குறைவு. புயல் சின்னம் என்று அறிவிப்பு வந்தால் மட்டும் தேதியை மாற்றிவிடுங்கள்.